ஆராய்ச்சிச் சஞ்சிகையும் சுரண்டியும்

எமது கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் மலர் ஒன்று வெளியிடுவது வழக்கம். அதற்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு எம் தலையில் விழுந்து பல ஆண்டுகளாகின்றன. இம்முறை வந்தவற்றுள் ஒன்று, இரத்தினபுரி மாவட்டத்தில் இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவன் எழுதியது. களைநாசினி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தன் தோட்டத்து மக்கள் பட்ட பாட்டைப் பற்றியது. கண்டதையும் பெரியவர்களிடம் கேட்டதையும் நேராக எழுதியிருந்தான். மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டு வந்த எமது பேனா மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"சுரண்டியால் புல்லைச் செதுக்கிச் செதுக்கி மண் இளகியது. அதனாலேயே 2016 ஆம் ஆண்டு அரநாயக்கவில் மலை சரிந்து மக்கள் மாண்டனர்" என்று அவன் எழுதியிருந்தான்.

கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் அவ்வாண்டு மே மாதம் 17 ஆம் நாள் சாமசர மலை சரிந்ததும், நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமற் போயும் கிராமங்கள் மண்ணுள் புதைந்ததும் உண்மை. அதற்கு முன் சில நாட்கள் பெருமழை பெய்ததும் உண்மை. தோட்டங்களில் சுரண்டி மீண்டும் கைக்கு வந்ததும் உண்மை. ஆனால் இவ்விரண்டையும் இணைக்கும் "அதனாலேயே" என்ற சொல்லுக்கு அவனிடம் யாதொரு ஆதாரமும் இல்லை. எம்மிடமும் இல்லை. ஆகவே சிவப்பு மையால் அவ்வரியை அடித்துவிட்டோம்.

மாணவன் முகம் வாடியது. "ஏன் சேர், கட்டுரையிலேயே நல்ல வரி அதுதானே?" என்றான். வாசிப்போர் நெஞ்சைத் தொடும் வரிதான், மறுப்பதற்கில்லை. ஆதாரமின்மையை எடுத்துச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் நின்றவன், "அப்படின்னா பெரிய பெரிய சஞ்சிகையில எழுதுறவங்க மட்டும் எழுதலாமா சேர்? அதை வச்சுத்தானே எங்க தோட்டத்துல மருந்தை நிப்பாட்டினாங்க?" என்று கேட்டான்.

தோட்டத்துத் தமிழில் "மருந்து" என்பது நோய்க்கு உண்ணும் மருந்துக்கும் பெயர். புல்லைக் கொல்லத் தெளிக்கும் நஞ்சுக்கும் அதுவே பெயர். அவன் குறிப்பிட்டது கிளைபோசேட் என்னும் களைநாசினியை. அவன் கேட்ட கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை அச்சேறினால் அதற்கு எவ்வளவு தூரம் யார் பொறுப்பு என்பதே அவன் கேட்டது. அவன் தோட்டத்தையே சான்றாகக் கொண்டு அதனை ஆராய்ந்து பார்க்கலாம் என்று எண்ணுகின்றோம்.

ஆராய்ச்சிச் சஞ்சிகை என்பது நாளிதழோ கதை இதழோ அன்று. 1665 ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் அறிவியற் சஞ்சிகையைத் தொடங்கிய நாள் முதலாக, ஓர் ஆராய்ச்சியாளர் தாம் கண்டதை ஏனைய ஆராய்ச்சியாளர்க்கு அறிவிக்கும் வாயிலாக அது இருந்து வருகின்றது. இக்காலத்தில் பத்திராதிபர், வந்த கட்டுரையை அத்துறை அறிந்த இருவர் மூவரிடம் அனுப்பி, அவர்கள் குறை கூறியபின் திருத்துவித்து அச்சிடுகின்றார். குறை காண்போர் ஆய்வுகூடத்துக்குச் சென்று சோதனையை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. எழுதியவர் நேர்மையாக எழுதியிருக்கின்றார் என்று நம்பியே படிக்கின்றனர். ஆகவே சஞ்சிகையில் வந்துவிட்டது என்றால் மெய்யென நிறுவப்பட்டுவிட்டது என்பது பொருளன்று. ஆராயத்தக்கது என்று சிலர் கருதியிருக்கின்றனர் என்பதே பொருள். இந்த வேறுபாட்டை அறியாதோரே பொதுமக்களில் மிகப் பலர். அமைச்சர்களிலும் அத்தகையோர் உண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1990 களின் நடுப்பகுதி தொடங்கி இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம் பொலனறுவை மாவட்டங்களில் நெல் விளைக்கும் உழவர்களிடையே ஒருவகைச் சிறுநீரக நோய் பரவலாயிற்று. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்க்கும் அது வந்தது. காரணம் விளங்கவில்லை. காட்மியம் என்றனர் சிலர். ஆசனிக் என்றனர் சிலர். நீரிலுள்ள புளோரைட் என்றும், வெயிலில் நீரருந்தாது உழைப்பதே என்றும் கூறினோர் உண்டு. குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் அங்கு எத்தனையோ. அவர்கள் துயரை எளிதாக எண்ணிக்கொண்டு மேலே செல்வது முறையன்று. ஒரு விடைக்காக அம்மக்கள் ஏங்கிக் கிடந்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே பின்னர் நிகழ்ந்ததைப் படிக்க வேண்டும்.

2014 பெப்ரவரியில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.டி.பி.ஐ. நிறுவனத்தின் சூழல் ஆராய்ச்சி, பொதுச் சுகாதாரம் பற்றிய சர்வதேசச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சன்ன ஜயசுமன, கலிபோர்னியாவில் பணியாற்றிய சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க ஆகியோர் எழுதியது. அதன் கருத்தைச் சுருங்கச் சொல்லலாம். கிளைபோசேட் உலோகங்களைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அதற்குக் களைநாசினியாகப் பெயர் வருமுன்பே, 1964 இல், அவ்வியல்பிற்காகவே அமெரிக்காவில் உரிமப் பத்திரம் பெறப்பட்டிருந்தது. வன்னீரிலுள்ள கல்சியத்தோடும் நச்சு உலோகங்களோடும் அது சேர்ந்து சிறுநீரகத்தை அடைந்து கேடு செய்யக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

கவனிக்க வேண்டியது இங்குதான் இருக்கின்றது. அக்கட்டுரை தன்னைக் கருதுகோள் என்றே கூறிக்கொண்டது. நோயாளிகளைச் சோதித்துக் கண்ட முடிபு அன்று அது. பலரும் பலவிடத்தில் கண்டவற்றை ஒன்றுசேர்த்து, இப்படி இருக்கலாமோ என்று எழுப்பிய எண்ணம். கருதுகோள் வெளியிடுவதில் தவறு யாதுமில்லை. வெளியிடாவிட்டால் ஆராய்ச்சி முன்னேறுவது எங்ஙனம்? ஆயின் அக்கட்டுரைச் சுருக்கத்தின் தொடக்கத்தில் "கருதுகின்றோம்" என்று பணிந்து நின்ற நடை, இறுதியை அடையும்போது, வன்னீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து ஆயிரக்கணக்கான உழவர்களின் சிறுநீரகங்களை அழிக்கும் ஆற்றலை அப்பொருள் பெற்றுவிட்டதாகத் தோன்றுகின்றது என்று நிமிர்ந்து விடுகின்றது. "தோன்றுகின்றது" என்ற ஒரு சொல் காவலாக நிற்கின்றது என்பது மெய். ஆனால் விரைந்து படிப்போர் கண்ணில் படுவது அச்சொல்லன்று. "ஆயிரக்கணக்கான உழவர்கள்" என்பதே. எம் மாணவனின் அரநாயக்க வரியை அடித்தது போல இவ்வரியையும் ஒரு பத்திராதிபர் சற்று நிறுத்தி வினவியிருக்கலாம் என்பது எம் எண்ணம்.

கட்டுரையாசிரியர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். 2015 இல் பதவி சிறிபுரவில் நோயாளர்களையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, கைவிடப்பட்ட கிணறுகளின் நீரைக் குடித்தவர், களைநாசினி தெளித்தவர் ஆகியோரிடத்து நோய் மிகுதியென வேறொரு சஞ்சிகையில் எழுதினர். அது கருதுகோளைச் சோதிக்க முயன்ற நேரிய செயலே. எனினும் இரண்டு ஒருங்கே காணப்படுதல் வேறு; ஒன்று மற்றதற்குக் காரணமாதல் வேறு. இலங்கை விஞ்ஞானிகள் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை. கிளைபோசேட் மிகுதியாகத் தெளிக்கப்படுவது தேயிலைத் தோட்டங்களிலன்றோ, அங்கே இந்நோய் இவ்வாறு பரவவில்லையே என்று அவர்கள் கேட்டனர்.

கருதுகோளுக்குள்ளேயே அக்கேள்விக்கு ஒரு விடை இருந்தது. வன்னீர் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது; மலையிலிருந்து இறங்கும் ஓடை நீர் மென்னீர். ஆகவே அக்கட்டுரையைச் சொல்லுக்குச் சொல் மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், அது பேசியது வரண்ட வலயத்து வயல்களைப் பற்றி. பலாங்கொடையையோ தெரணியகலையையோ எட்டியாந்தோட்டையையோ பற்றியன்று.

சட்டம் இவ்வேறுபாட்டைப் பார்க்கவில்லை. கட்டுரை வெளிவந்த மறுமாதமே தடை வரப்போவதாக அரசாங்கத் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்து, பின்னர் தளர்ந்தது. 2015 இல் பொலனறுவையைச் சேர்ந்தவரான ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சியில் நாடு முழுவதற்கும் தடை விதிக்கப்பட்டது. நோயுற்ற மாவட்டம், நோயில்லா மாவட்டம் என்ற பிரிவு அதில் இல்லை.

அப்போது எம் மாணவனுக்கு வயது எட்டோ ஒன்பதோ இருக்கும். அவன் எழுதியிருந்ததிலிருந்தே சிலவற்றைக் கூறுகின்றோம். சப்ரகமுவாவின் தாழ்நாட்டுத் தேயிலை மலைகளில் வெயிலும் மழையும் மாறி மாறி வருவதால் புல் முளைப்பதற்கு ஓய்வென்பதில்லை. முன்பு மருந்தடிக்கும் ஆண்கள் இரண்டு மூன்று பேர் முதுகில் 16 லீற்றர்த் தொட்டியைச் சுமந்துகொண்டு சென்று முடித்த மலைக்கு, இப்போது பிரட்டுக் களத்தில் ஒரு கூட்டமே பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை ஆட்கள் ஏது? இளையோர் கொழும்புக்குக் கடைகளுக்கும் வீட்டுவேலைக்கும் போய்விட்ட காலம் அது. புல் தேயிலைச் செடிக்கு மேலெழுந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பளவு புல்லில் நுழைந்து சென்றனர். அட்டைக்குச் சவர்க்காரத்தைப் பூசிக்கொள்ளலாம். பாம்புக்கு என்ன பூசுவது என்று அவன் பாட்டி கேட்டாராம். கட்டுரையில் எமக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சுரண்டி என்பது தகட்டு அலகுடைய சிறு கருவி. குனிந்து மண்ணோடு புல்லைச் சுரண்டி எடுப்பது. பாட்டன்மார் காலத்துக் கருவியாகிய அது மூலையிலிருந்து மீண்டும் வெளியே வந்தது. சரிவில் மேல்மண்ணைக் கீறிவிடுவதால் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றது. அந்நிறுவனத்தின் தாழ்நாட்டு நிலையம் இரத்தினபுரியிலேயே சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கின்றது. வேறு சில தோட்டங்களில் எம்.சி.பி.ஏ. என்னும் இன்னொரு களைநாசினி தெளிக்கப்பட்டது. அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக 2018 அளவில் ஜப்பானிலிருந்து முறைப்பாடு எழுந்தது. ஒரு நஞ்சைத் தவிர்க்கப் போய் வேறொன்றைக் கையிலெடுத்த கதை!

2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. 2021 இல் இரசாயனப் பசளையோடு சேர்த்துப் பூச்சிநாசினி களைநாசினி யாவற்றின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டபோது மீண்டும் வந்தது. 2022 ஓகஸ்டில் மறுபடியும் நீங்கியது. இவ்வளவு ஏற்ற இறக்கத்திற்கிடையே சிறுநீரக நோயின் காரணம் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

இதற்கெல்லாம் அந்த ஒரு கட்டுரையே காரணம் என்று எழுதினால் நாமும் அரநாயக்க வரியை எழுதியவர்களாவோம். அரசியல் இருந்தது, மக்கள் அச்சம் இருந்தது, பத்திரிகைகளின் தலைப்பெழுத்து இருந்தது. ஆனால் கூட்டங்களிலும் செய்தித்தாள்களிலும் "சர்வதேசச் சஞ்சிகையில் நிறுவப்பட்டுவிட்டது" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது, "நிறுவவில்லை, கருதுகின்றோம் என்றே எழுதினோம்" என்று எழுதியவர்களும் வெளியிட்டவர்களும் உரத்துச் சொல்ல வேண்டிய கடமை உண்டா, இல்லையா? உண்டு என்பதே எம் துணிபு. அச்சிட்டதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்பது அஞ்சற்காரர் சொல்லத்தக்க பேச்சு.

அச்சஞ்சிகையைப் பற்றி ஒரு சொல். அது எழுதுவோரிடம் கட்டணம் பெற்று, வாசிப்போர்க்கு இலவசமாகக் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது. ஏழை நாட்டு மாணவர்க்கு இஃது ஒரு நன்மையே. நூலகத்தில் பணமில்லாத எமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கட்டுரைக்கு ஒரு கட்டணம் என்றால் கட்டுரை கூடக் கூட வருவாய் கூடும் அன்றோ? தெரிந்தெடுக்கும் கண்டிப்பு அதனால் தளரக்கூடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. 2023 மார்ச்சில் சஞ்சிகைகளைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் கிளாரிவேற் நிறுவனம், தன் முதன்மைப் பட்டியலிலிருந்து இச்சஞ்சிகையை நீக்கியது. சஞ்சிகையின் பொருளெல்லைக்கு வெளியே உள்ள கட்டுரைகள் சேர்ந்துவிட்டன என்பது காரணம். அதைக் கொண்டு 2014 கட்டுரை பொய்யென்று சொல்லிவிடக்கூடாது. ஒரு கடையின் உரிமம் போனதனால் அங்கு வாங்கிய அரிசி முழுவதும் கெட்டதாகாது.

நிற்க. இதுவரை வாசித்தோர், களைநாசினி செய்யும் கும்பனிக்காரரின் பக்கத்தில் நாம் சாய்ந்து நிற்பதாக எண்ணக்கூடும். மறுபக்கத்தைப் பார்த்தால்தான் உள்ளம் உண்மையில் கொதிக்கின்றது.

கிளைபோசேட்டை 1974 இல் "ரவுண்டப்" என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மொன்சான்ரோ நிறுவனம். 2000 ஆம் ஆண்டில் நச்சியல் பற்றிய ஒரு சஞ்சிகையில், கேரி வில்லியம்ஸ், ரொபர்ட் க்ரோஸ், இயன் மன்ரோ என்னும் மூவர் பெயரால் ஒரு நெடுங்கட்டுரை வெளிவந்தது. இக்களைநாசினியால் மனிதர்க்குக் கேடில்லை என்பது அதன் முடிபு. பல நாடுகளின் அதிகாரிகளும் ஆராய்ச்சியாளரும் அதை எடுத்துக்காட்டினர். இப்பொருள் பற்றிய எழுத்துக்களில் மிக மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. 2017 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நோயுற்றோர் தொடுத்த வழக்கின்போது நிறுவனத்தின் உட்கடிதங்கள் வெளியாயின. அவற்றுள் ஒன்றில் நிறுவனத்து விஞ்ஞானி ஒருவர், எழுதுவதை நாமே எழுதிவிட்டு வெளியார் திருத்திக் கையொப்பமிடச் செய்யலாம் என்றும், 2000 ஆம் ஆண்டுக் கட்டுரையை அவ்வாறே கையாண்டோம் என்றும் சக ஊழியர்க்கு எழுதியிருந்தார்.

நோய்க்குச் சான்றுப் பத்திரம் எழுதியவர் வைத்தியர் என்று நினைத்திருக்க, எழுதியவர் மருந்துக் கடைக்காரர் என்று தெரிந்தால் எப்படியிருக்கும்! 2018 இல் நச்சியல் துறையின் வேறொரு சஞ்சிகை, 2016 இல் தான் வெளியிட்ட கிளைபோசேட் கட்டுரைகளில் நிறுவனத்தின் பங்கு முறையாக வெளிப்படுத்தப்படவில்லை எனக் கவலைக் குறிப்பு வெளியிட்டது. 2000 ஆம் ஆண்டுக் கட்டுரையோ அசையாமல் கிடந்தது. கடிதம் வெளியான பின்னரும் எட்டு ஆண்டுகள் கிடந்தது. 2025 ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அச்சஞ்சிகையின் பத்திராதிபர் மார்ட்டின் வான் டென் பெர்க் அதனை மீளப் பெற்றார். எழுதியவர் யார் என்பதில் ஐயம், பெற்ற பணம் வெளிப்படுத்தப்படாமை, புற்றுநோய் பற்றிய முடிபுக்கு நிறுவனத்தின் அச்சேறாத ஆய்வுகளையே நம்பியமை முதலியவற்றைக் காரணமாகக் காட்டினார். மீளப் பெற்றமைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் 2000 முதல் 2025 வரை ஒரு தலைமுறை மருந்தடித்து ஓய்வும் பெற்றுவிட்டது.

கட்டுரையை மீளப் பெறுவதும் எளிதில் ஆளத்தக்க ஆயுதமன்று. பிரான்சு நாட்டுச் செராலினி என்பவர், இதே களைநாசினியும் அதைத் தாங்குமாறு செய்த சோளமும் கொடுத்து வளர்த்த எலிகளுக்குக் கட்டிகள் வந்ததாக 2012 இல் எழுதினார். எலிகளின் எண்ணிக்கை போதாது என்று உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. 2013 நவம்பரில் சஞ்சிகை அதனை மீளப் பெற்றது. மோசடி எதுவும் காணவில்லை, முடிபு உறுதிப்படவில்லை என்பதே காரணமென்றது. முடிபு உறுதிப்படாத கட்டுரைகளையெல்லாம் மீளப் பெறுவதாயின் நூலக அலுமாரிகள் பாதி காலியாகிவிடும். குறையுள்ள ஆய்வுதான் அது, ஐயமில்லை. எனினும் அதற்கு ஓராண்டிலேயே தண்டனை. வேற்றுக் கை எழுதிய கட்டுரைக்கோ இருபத்தைந்து ஆண்டு இளைப்பாறல். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் மாணவன், சஞ்சிகைகளின் நீதி ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை என்று எண்ணினால் அவனைக் குறை கூறல் இயலாது.

எம் நாட்டிலேயே இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. தேயிலைக்கு முன் இம்மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் அதன் இலையில் செம்மஞ்சட் பொடியாக ஒரு பூஞ்சண நோய் தோன்றித் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. துரைமார் கலங்கினர். 1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். சுமார் ஈராண்டு தங்கி, பூஞ்சணத்தின் வித்து காற்றில் பறந்து இலையில் விழுந்து முளைத்து உட்புகுவதைத் தெளிவாகக் கண்டு எழுதினார். துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. வார்டிடம் மருந்து இல்லை. இல்லை என்பதையே எழுதினார். ஏதேனும் ஒரு பொடியின் பெயரைச் சொல்லியிருந்தால் மாலையிட்டு வழியனுப்பியிருப்பார்கள். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, கோப்பிக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து வரத் தொடங்கிய எம் மாணவனின் முன்னோர் போன்றோர் பின்னும் பின்னும் வந்துகொண்டிருந்தனர். வார்ட் எழுதியவற்றை மட்டும் இன்றுவரை எவரும் மீளப் பெற வேண்டி நேரவில்லை.

இவற்றையெல்லாம் மாணவனுக்கு இரண்டு மாலைப் பொழுதுகளில் எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். எழுந்து போகும்போது தயங்கி நின்று, "அப்பா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு சேர். அவரு பதினேழு வருசம் மருந்தடிச்சவரு. அது ஒடம்புக்கு ஆகுமா, ஆகாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்றான்.

கட்டுரை திருத்துவது எளிது; இதற்கு விடை கூறுவது அப்படியன்று. சிறுநீரகத்தைப் பற்றி எழுந்த கருதுகோள் மென்னீர் ஓடும் அவன் தோட்டத்தைப் பற்றியதன்று என்றோம். புற்றுநோயைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015 மார்ச்சில், மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என வகைப்படுத்தியதையும், அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, அத்தகைய தீங்கு நேர வாய்ப்பில்லை என்று கூறியதையும் சொன்னோம். முன்னது இப்பொருளால் தீங்கு நேரக்கூடுமா என்று பார்ப்பது, எவ்வளவு பட்டால் நேரும் என்று அளப்பதன்று என்பதையும் விளக்கினோம். கேடில்லை என்று உலகம் நம்பி வந்த கட்டுரைகளுள் முக்கியமான ஒன்று வீழ்ந்துவிட்டது; அது வீழ்ந்ததனால் கேடுண்டு என்பது நிறுவப்பட்டதாகவும் ஆகாது. ஆகவே இரண்டில் ஒன்றை எம்மால் சொல்ல முடியவில்லை. கையுறை, முகமூடி, நீண்ட காற்சட்டை, சப்பாத்து ஆகியவற்றோடு அடிக்க வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கலாகாது. முடிந்ததும் குளிக்காமல் சாப்பாட்டில் கை வைக்கலாகாது. அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கலாகாது என்று தெரிந்தவற்றைச் சொன்னோம். தோட்டத்தில் கையுறை கொடுக்கிறார்களா என்று கேட்டோம். அவன் சிரித்தான்.

சொன்னவற்றையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போனான். அடுத்த கிழமை வந்தபோது, அதை லயத்து வாசலில் உட்கார்ந்து தகப்பனாருக்கும் அயலவர் நால்வருக்கும் படித்துக் காட்டியதாகச் சொன்னான். தகப்பனார் முழுவதும் கேட்டுவிட்டு, அந்த வெள்ளைக்காரர் கட்டுரையும் நம் நாட்டவர் கட்டுரையும் தமிழில் கிடைக்குமா என்று விசாரித்தாராம். எமக்குத் தெரிந்தவரை இரண்டுமே தமிழில் வரவில்லை என்றோம். 2015 இல் அத்தோட்டத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது தடை. காரணத்தைத் துண்டுப் பிரசுரமாகக்கூட எவரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்று அவர் சொன்னாராம்.

மலர் இப்போது அச்சகத்தில் இருக்கின்றது. அரநாயக்க வரி இருந்த இடத்தில், அந்த மே மாதத்தில் தங்கள் தோட்டத்தில் எத்தனை நாள் மழை பெய்தது என்பதையும், எந்தெந்த மலையில் எத்தனை பேர் சுரண்டி பிடித்தனர் என்பதையும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு எழுதிச் சேர்த்திருக்கின்றான். இரண்டையும் இணைக்கும் சொல்லை எழுதவில்லை. பாட்டியின் கேள்வியை நாம் தொடவில்லை, அப்படியே வருகின்றது.